நிலம் போச்சு, பணம் வந்துச்சு, பிழைப்பு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் நில எடுப்பு பற்றி ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். ‘நிலத்துக்குக் கொடுக்கும் இழப்பீடு வேறு, பிழைப்புக்குக் கொடுக்கும் மறுவாழ்வு வேறு; இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்’ என்பதுதான் அதில் சொன்னது. அதற்கு வந்த கடிதங்களிலேயே பக்கம் நிறைந்துவிட்டது. அதனால் இந்த வாரம் சினிமா, கிரிக்கெட் கேள்விகளுக்கு லீவு.

எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பல வருஷமாக நெல்லும் மணிலாவும் போட்டு வருகிறோம். நிலத்துக்காரர் சென்னையில் இருக்கிறார். இப்போது தொழிற்பேட்டைக்கு எடுக்கிறார்கள். அவருக்குப் பணம் வரும், எங்களுக்கு? கேட்டால் ‘உன் பேர்ல என்ன பேப்பர் இருக்கு’ என்கிறார்கள்.
– குத்தகை விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பேப்பர் இல்லாமல் இருக்கலாம், அதனால் உரிமையும் இல்லை என்று ஆகிவிடாது. 2013-ம் வருடத்து நில எடுப்புச் சட்டம் (2014 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது, அதுவரை வெள்ளைக்காரன் 1894-ல் போட்டதை வைத்துத்தான் ஓட்டினோம்) ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ யார் என்று சொல்லும்போது பட்டாதாரரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நிலம் எடுப்பதற்கு முந்தைய மூன்று வருடங்களாக அந்தப் பகுதியில் குத்தகைக்கோ, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கோ பயிர் வைத்தவர், கூலிக்குப் போனவர், கைத்தொழில் செய்தவர், இவர்களுடைய முக்கியப் பிழைப்பு அதுதான் என்றால் அந்தக் குடும்பங்களும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. நிலத்தின் விலை நிலத்துக்காரருக்குப் போகட்டும். மறுவாழ்வுப் பகுதியில் உங்களுக்குப் பங்கு உண்டு.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த 2013 சட்டம் மத்தியச் சட்டம்; அதன்படி எடுத்தால் முதலில் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்று செய்ய வேண்டும். ஊருக்குள் வந்து யார் யாருடைய பிழைப்பெல்லாம் போகும் என்று கணக்கெடுத்து, ஊர் முன்னாலேயே விசாரணை வைப்பது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க மாநிலத்தின் 1997 சட்டம், மாநில நெடுஞ்சாலைக்கு 2001 சட்டம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டங்களுக்கு அந்த மதிப்பீடு தேவையில்லை என்று நம் அரசு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது, அதே வருடம் புதிதாக ஒரு சட்டம் போட்டு பழையவற்றுக்கு உயிர் கொடுத்தார்கள், 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது. மத்தியச் சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணையும் மறுவாழ்வு அட்டவணையும் பொருந்தும், ஊருக்குள் வந்து கணக்கெடுக்கும் அந்த வேலை மட்டும் கிடையாது. பட்டாவில் பேர் இருப்பவர் தானாக லிஸ்டில் வந்துவிடுவார். நீங்கள் போய்ச் சொல்லாவிட்டால் நீங்கள் இருப்பதே லிஸ்டுக்குத் தெரியாது.

அதனால் பேப்பரை இப்போதிலிருந்தே சேருங்கள். குத்தகை உரிமையைப் பதிந்துகொள்ள 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் ‘பதியப் போனால் நிலத்தைப் பிடுங்கிவிடுவார்’ என்ற பயத்தில் பலரும் அந்தப் பக்கமே போவதில்லை. நீங்களும் போயிருக்க மாட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் கொள்முதல் நிலையத்தில் நெல் போடுவதற்காக உங்கள் பேரில் வி.ஏ.ஓ. கொடுத்த சான்று, நெல் போட்ட சீட்டு, கூட்டுறவு சங்கப் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு கட்டிய ரசீது, குத்தகைப் பணம் வங்கி மூலம் போயிருந்தால் அந்தப் பாஸ்புக் பக்கம், இதில் எது இருந்தாலும் சரி. மூன்று வருடத்தைக் காட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. நிலத்துக்காரரிடம் ‘இவர்தான் பயிர் வைக்கிறார்’ என்று ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள். குத்தகைதாரர் என்று எழுதிக் கொடுத்தால் தன் பணத்தில் பங்கு கேட்பீர்களோ என்று பயப்படுவார். நான் கேட்பது மறுவாழ்வுத் தொகை, உங்கள் நிலத்தின் விலையில் கை வைக்கவில்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து, நோட்டீஸில் குறித்திருக்கும் நாளுக்குள் நில எடுப்பு அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எந்த ஃபைலிலும் ஏறாது.

சந்தை விலையைப் போல நாலு மடங்கு கொடுக்கிறார்கள். லாட்டரி அடித்த மாதிரிதானே? அப்புறம் எதற்குக் கொடி பிடிக்கிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

நாலு மடங்கு என்பது உச்ச வரம்பு. கிராமத்து நிலத்தின் மதிப்பை 1-லிருந்து 2 வரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்குவார்கள், எந்த எண் என்பதை மாநிலம் தீர்மானிக்கும். மரம், கிணறு, கட்டடத்தின் மதிப்பையும் கூட்டி, வந்த தொகைக்குச் சமமாக இன்னொரு பங்கை ஆறுதல் தொகையாகச் சேர்ப்பார்கள். பெருக்கும் எண் 2 ஆக இருந்தால்தான் நாலு மடங்கு. 1.25 என்றால் இரண்டரை.

எதைப் பெருக்குகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை, அங்கேதான் அடி விழுகிறது. அரசு வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டாரத்தில் கடந்த மூன்று வருடத்தில் பதிவான கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி, இந்த இரண்டில் எது அதிகமோ அதை எடுப்பார்கள். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க நாம் எல்லாருமே கிரயப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதுகிறோம். பத்து லட்சத்துக்குக் கைமாறிய ஏக்கர் பத்திரத்தில் மூன்று லட்சமாக இருக்கும். மூன்றின் இரண்டரை மடங்கு ஏழரை. சந்தையில் அந்த நிலம் பத்து. லாட்டரி எங்கே அடித்தது, சொல்லுங்கள்? போதாக்குறைக்கு, விமான நிலையம் வருகிறது, ஃபேக்டரி வருகிறது என்று பேப்பரில் வந்த உடனே பக்கத்து ஊர்களில் விலை ஏறிவிடும். ஐந்து ஏக்கர் கொடுத்தவர் அந்தப் பணத்தில் இரண்டு ஏக்கர் வாங்கினாலே பெரிய விஷயம்.

விலையைச் சரியாகவே போட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உலக வங்கியில் வேலை பார்த்த மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர், இடம்பெயர்க்கப்படுகிறவர்கள் ஏழையாகும் வழிகள் எட்டு என்று பட்டியல் போட்டார். நிலம் போவது அதில் ஒன்றுதான். வேலை, வீடு, சாப்பாட்டுக்கு உத்தரவாதம், உடம்பு, பொது இடங்களைப் பயன்படுத்தும் வசதி, ஊரில் இருந்த மரியாதை, ஒருத்தருக்கொருத்தர் ஒத்தாசை, இவையெல்லாம் மீதி ஏழு. செக் எழுதும்போது இந்த ஏழும் கணக்கிலேயே வராது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிரின் மேல் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சி இயந்திரங்களை விட்டது நினைவிருக்கும். நிலத்தைப் பல வருடம் முன்பே எடுத்தாயிற்று, பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். பணம் வாங்கிய பிறகும் அதே மண்ணில் ஏன் நாற்று நட்டார்கள்? செய்வதற்கு வேறு வேலை இல்லை. கொடி பிடிப்பதற்கும் அதுதான் காரணம்.

வீட்டுக்கு ஒருத்தருக்கு வேலை, இல்லையென்றால் ஐந்து லட்சம், இல்லையென்றால் மாதாமாதம் பணம் என்கிறார்கள். பையன் ஐந்து லட்சத்தைக் கேட்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை.
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

உங்கள் மனசு சொல்வதையும் கணக்கையும் தனித்தனியாகப் பார்ப்போம் அம்மா. மாதத் தொகை குறைந்தது 2,000 ரூபாய், 20 வருடத்துக்கு. அப்படியே கூட்டினால் 4 லட்சத்து 80 ஆயிரம்தான். விவசாயத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டோடு அது ஏற வேண்டும் என்று சட்டம் சொல்வதால் போகப் போகக் கூடும். ஐந்து லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் மாதம் ஏறக்குறைய 2,900 வரும், முதலும் அப்படியே இருக்கும். கணக்கில் உங்கள் பையன் சொல்வதுதான் சரி.

ஆனால் அந்த ஐந்து லட்சம் வங்கியில் இருக்குமா? வண்டி, கல்யாணம், பங்காளியின் அவசரம், ஏதோ ஒரு சீட்டுக் கம்பெனி ஏஜென்ட், எல்லாம் வரிசையில் நிற்கும். பணம் உங்கள் பேரில், பையன் கைக்கு எட்டாத டெபாசிட்டில் போகும் என்றால் ஐந்து லட்சத்தை வாங்குங்கள். அந்த உறுதி இல்லையென்றால் மாதத் தொகை. வீட்டில் சண்டை வந்தாலும் பரவாயில்லை.

வேலை என்றால் நாலு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: யாருடைய சம்பளப் பட்டியலில் பேர் வரும், நிறுவனமா காண்ட்ராக்டரா? எத்தனை வருடம்? பயிற்சி யார் கொடுப்பார்? வேலை நின்றால் பாக்கித் தொகை உண்டா? சட்டத்தில் இருப்பது ‘குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத வேலை’ என்பதுதான், நிரந்தர வேலை என்ற வார்த்தை அதில் இல்லை. நெய்வேலியில் நிலம் கொடுத்தவர்கள் நிரந்தர வேலை கேட்டுப் பல பத்தாண்டுகளாக நிற்கிறார்கள். ஒப்பந்த வேலையைக் கொடுத்துவிட்டு ‘கடமை முடிந்தது’ என்று கையைத் தட்டிக்கொள்ள இந்த ஓட்டை போதும்.

வயசு வந்த பிள்ளைகள் மூன்று பேர், கல்யாணமாகித் திரும்பி வந்த தங்கை ஒருத்தி, எல்லாரும் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிறோம். ஒரே குடும்பம் என்கிறார் அலுவலர்.
– வாசகர், பெயர் வேண்டாம்

ரேஷன் கார்டுக்கு நீங்கள் ஒரே குடும்பம். இந்தச் சட்டத்துக்கு இல்லை. வயது வந்த ஆணோ பெண்ணோ, கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் தனிக் குடும்பம். விதவை, விவாகரத்து ஆனவர், கைவிடப்பட்ட பெண் ஆகியோரும் தனிக் குடும்பம். சட்டத்தின் 3-வது பிரிவில், ‘குடும்பம்’ என்பதற்கான விளக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொருவர் பேரிலும் தனித்தனி மனு கொடுங்கள். குறிப்பாகத் தங்கை பேரில். ஆண்கள் கூடிப் பேசும்போது முதலில் விட்டுப்போவது அவருடைய பேர்தான்.

எங்களுக்கு ஆடுதான் பிழைப்பு. மேய்க்கால் புறம்போக்கு மொத்தமும் போகிறது. அது சர்க்கார் நிலம் என்பதால் கேட்க முடியாதாமே?
– வாசகி, திருப்பூர் மாவட்டம்

புறம்போக்குக்கு விலை கேட்க முடியாதுதான். ஆனால் நீங்கள் கேட்பது ஆட்டை எங்கே ஓட்டுவது என்று. காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைப்பவர்களைச் சட்டம் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மேய்ச்சலை அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. மறுகுடியமர்வு இடத்தில் இருக்க வேண்டிய வசதிகளில் மேய்ச்சல் நிலமும் உண்டு. மாட்டுக் கொட்டகைக்கோ பெட்டிக்கடைக்கோ குறைந்தது 25,000 ரூபாய் உதவியும் உண்டு. மாற்று மேய்ச்சல் இடத்தைச் சர்வே நம்பரோடு குறித்துக் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ‘ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்று கேட்டால் ஏதாவதுதான் கிடைக்கும்.

தொகை குறைவு என்று நினைக்கிறேன். வாங்காமல் இருந்தால்தான் கேஸ் போட முடியுமா?
– வாசகர், சேலம்

வாங்கலாம். ஆனால் ‘தொகை போதாது என்ற ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். ஆட்சேபணை இல்லாமல் வாங்கியவர், மத்தியச் சட்டப்படி அப்புறம் கூடுதல் கேட்டுப் போக முடியாது. அவார்டு (தொகையை முடிவு செய்யும் உத்தரவு) போட்ட அன்று நீங்கள் அங்கே இருந்தால் ஆறு வாரத்துக்குள் ஆட்சியருக்கு எழுத வேண்டும், அவர் அதை உரிய ஆணையத்துக்கு அனுப்புவார். தேசிய நெடுஞ்சாலை என்றால் பாதையே வேறு. அறிவிப்பு வந்த 21 நாளில் ஆட்சேபணை, தொகையில் தகராறு இருந்தால் ஆர்பிட்ரேட்டர் என்ற நடுவர். முதலில் கையில் இருக்கும் நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று பாருங்கள், மேலே முதல் வரியிலேயே இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்காமலேயே என்னிடம் கேள்வி கேட்பவர்கள்தான் அதிகம்.

வந்த பணத்தில் முதலில் வீடு கட்டலாமா?
– வாசகர், தருமபுரி

வேண்டாம். முதலில் கடனை அடையுங்கள், அப்புறம் தண்ணீர் இருக்கும் நிலம் கொஞ்சமாவது வாங்குங்கள், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் சரி. மாடி வீடு சோறு போடாது. நிலம் கொடுத்த ஊர்களில் டைல்ஸ் போட்ட வீட்டின் திண்ணையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

எடுத்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்த சரித்திரம் உண்டா?
– வாசகர், மதுரை

உண்டு. மேற்கு வங்கத்தில் சிங்கூர். டாடாவின் கார் தொழிற்சாலைக்காக 2006-ல் எடுத்த 997 ஏக்கரையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2016 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பத்து வருடம் பிழைப்பை இழந்திருக்கிறார்கள், அதனால் வாங்கிய இழப்பீட்டைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. தீர்ப்பில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். ஆனால் கான்கிரீட் அஸ்திவாரம் போட்ட மண்ணில் பழைய மாதிரி விவசாயம் செய்ய முடியாமல் பலர் தவித்தார்கள். மண் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் மறுவாழ்வு மனுவைப் போடாமல் இருந்துவிடாதீர்கள்.

இழப்பீட்டுக்கு வருமான வரி உண்டா?
– வாசகி, ஈரோடு

2013 சட்டத்தின் கீழ் கொடுத்த அவார்டுக்குக் கிடையாது, 96-வது பிரிவு. தாமதத்துக்காக வரும் வட்டிக்கு வரி வரலாம். வேறு சட்டத்தில் எடுத்திருந்தால் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறேன். அது போதும்தானே?
– வாசகர், காஞ்சிபுரம் மாவட்டம்

கொடுத்தது நல்லது, மனு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். ஆனால் அது போதாது. குறைதீர் மனு கொடுத்துவிட்டதால் ஆறு வாரக் கெடுவோ 21 நாள் கெடுவோ நின்று காத்திருக்காது. நில எடுப்பு அலுவலருக்கு அந்தச் சட்டப்படி தனியாக எழுதி, நேரில் ஒன்றும் ரிஜிஸ்டர் தபாலில் ஒன்றும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். திங்கள்கிழமை மனுவுக்கு ‘உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது’ என்று பதில் வரும்போது கெடு தாண்டியிருக்கும்.