கம்யூனிட்டி காலேஜில் முதுமையியல் படித்தால் என்ன சொல்லித் தருவார்கள்? வேலை கிடைக்குமா?

அமெரிக்கக் கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரிகளில், முதுமை அடைவதைப் பற்றிய இந்தத் துறை பெரும்பாலும் குறுகிய சான்றிதழ் படிப்பாகவோ, இரண்டு வருட அசோசியேட் பட்டமாகவோ இருக்கும். மருத்துவப் படிப்பு என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள். முதியோருக்கு வைத்தியம் பார்ப்பது டாக்டர்களின் துறை. இங்கே உடல், மனம், குடும்பம், பணம், சட்டம் எல்லாம் வரும்.

எனக்குக் கேட்டால், உதவித் திட்டங்கள் பற்றிய பாடத்துக்குத்தான் மதிப்பு அதிகம். 65 வயதானதும் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு வந்துவிடும், முதியோர் இல்லச் செலவை அது பார்த்துக்கொள்ளும் என்று பல குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபின் தேறுவதற்கான பராமரிப்புக்கு, ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 நாள் வரைதான் அது உதவும். 21-ஆம் நாளிலிருந்து நோயாளியும் பங்கு கட்ட வேண்டும். குளிப்பாட்ட, உடை மாற்றிவிட மட்டும் ஆள் வேண்டுமென்றால் மெடிகேர் கைவிரித்துவிடும். வருமானமும் சொத்தும் குறைவாக இருந்தால் மெடிகெய்ட் என்ற இன்னொரு அரசுத் திட்டம் கைகொடுக்கும். இதை, குழம்பிப்போய் எதிரே உட்கார்ந்திருக்கும் மகளுக்குப் பொறுமையாக விளக்கத் தெரிய வேண்டும்.

வேலை கிடைக்கும், சம்பளம் சுமார்தான். முதியோர் பகல் மையங்கள், உதவியுடன் வாழும் இல்லங்கள், 1965-ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி நடக்கும் வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் சேவைகள் போன்ற இடங்களில் தேடலாம். நேரடிப் பராமரிப்பில் ஆர்வமென்றால் செவிலியர் உதவியாளர் பயிற்சியையும் சேர்த்து முடியுங்கள். மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம்.

சமூகப் பணியாளர் ஆக நினைத்தால் இந்தப் பட்டம் போதாது, நான்கு வருடப் பட்டமாவது வேண்டும். அதனால் எந்தெந்தப் பாடங்களை நான்கு வருடக் கல்லூரி ஏற்கும் என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். அப்புறம், களப்பயிற்சி இல்லாத படிப்பென்றால் நான் சேர மாட்டேன்.