ராம்நாத் கோயங்கா – கடிதம்

வணக்கம் சார்,

சென்னை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குப் படம் பார்க்கப் போயிருந்தோம். அந்த இடம் முன்பு இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை வளாகம் என்று அப்பா சொன்னார். வீட்டுக்கு வந்து அதன் முதலாளி ராம்நாத் கோயங்காவைப் பற்றித் தேடிப் படித்தேன். நெருக்கடி நிலையை எதிர்த்த வீரர் என்கிறார்கள் சிலர். கட்சித் தலைவர்களுக்கு யோசனை சொல்லி ஆட்சிகளை ஆட்டிப் பார்த்தவர் என்கிறார்கள் வேறு சிலர். இதில் எது உண்மையான கோயங்கா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொன்னது சரி. அதற்கும் முன்பு அங்கே இருந்தது மெட்ராஸ் கிளப். இந்தியர்களைச் சேர்க்காத கிளப். அந்த இடத்தைத்தான் ஒரு மார்வாடி வாங்கினார்!

கோயங்காவை, அரசியலில் மூக்கை நுழைத்த பத்திரிகைக்காரர் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். 1904-ல் தர்பங்காவில் பிறந்தவர், 1922-ல் வியாபாரத்துக்காகச் சென்னை வந்தார். 1926-லேயே சென்னை மாகாண சட்டசபை உறுப்பினர். எக்ஸ்பிரஸும் தினமணியும் கைக்கு வந்தது முப்பதுகளில். அப்புறம் அரசியல் நிர்ணய சபை. 1971-ல் பாஜகவின் முன்னோடியான ஜனசங்கம் சார்பில் மத்தியப் பிரதேசத்தின் விதிஷா தொகுதி எம்.பி. அரசியல்தான் அவருடைய தொழில், பத்திரிகை அதற்கான ஆயுதம்.

இந்திரா காந்தி கொண்டுவந்த நெருக்கடி நிலையில் அவர் பணியாததற்கும் அதுதான் காரணம் என்பேன். 1975 ஜூன் 28 அன்று தணிக்கையை எதிர்த்து எக்ஸ்பிரஸின் தலையங்க இடம் வெறுமையாக வந்தது. பிறகு இயக்குநர் குழுவில் அரசு தன் ஆட்களை உட்கார வைத்தது, தலைவர் தொழிலதிபர் கே.கே.பிர்லா. வரி பாக்கி என்று சொல்லி டெல்லி அச்சகத்தை முடக்கினார்கள். எழுபது வயதைத் தாண்டிய, இதய நோயாளியான முதலாளி எல்லாவற்றுக்கும் கோர்ட்டுக்குப் போனார். லாப நஷ்டம் மட்டும் பார்க்கிறவர் என்றால் முதல் வாரத்திலேயே சமாதானம் பேசியிருப்பார். இவருக்கு இந்திரா காந்தி தோற்கடிக்க வேண்டிய எதிராளி. இந்திராவை எதிர்த்த இயக்கத்தின் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயணனுக்குப் பம்பாயில் தங்க இடம் கொடுத்ததும் இவர்தான்.

அதே ஆளின் இன்னொரு காட்சி 1987 மார்ச். ஜனாதிபதி ஜெயில் சிங் பிரதமர் ராஜீவ் காந்திக்கு எழுதிய கடிதம் எக்ஸ்பிரஸில் வெளியானது. அதே சமயத்தில் சிபிஐ நடத்திய சோதனையில் அந்தக் கடிதத்தின் வரைவு கிடைத்தது. அதில் பேனாவால் போட்டிருந்த திருத்தங்கள் எஸ்.முல்காவ்கருடையவை. அவர் எக்ஸ்பிரஸின் முன்னாள் ஆசிரியர், கோயங்காவுக்கு நெருக்கமானவர். கடிதத்தைத் திருத்திக்கொடுத்தவர்களின் பத்திரிகையிலேயே அது செய்தியாகவும் வருகிறது. இதை எந்த இதழியல் வகுப்பிலும் நியாயப்படுத்த முடியாது. நானும் நியாயப்படுத்தப் போவதில்லை.

சரி, எனக்கு அவர்மேல் உள்ள பெரிய மனக்குறை அதுவும் இல்லை. நெருக்கடி நிலையில் எக்ஸ்பிரஸின் ஆசிரியராக இருந்தவர் வி.கே.நரசிம்மன். தி இந்துவிலிருந்து வந்தவர், அமைதியான மனிதர். தணிக்கைக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்டியது அவர்தான். 1977 தேர்தலில் இந்திரா தோற்றார். சோதனைக் காலம் முடிந்ததும் கோயங்கா பழைய ஆசிரியர் முல்காவ்கரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார். நரசிம்மனுக்கு அதே குழுமத்தின் வணிக நாளேடான ஃபைனான்ஷியல் எக்ஸ்பிரஸ் போதும் என்றார்கள். அவர் விலகிப் போய்விட்டார்.

தினமணியிலும் முன்பே இப்படி ஒன்று நடந்தது. அதை வளர்த்த டி.எஸ்.சொக்கலிங்கம் நாற்பதுகளில் முதலாளியோடு ஒத்துப்போகாமல் வெளியேறி, தினசரி என்று சொந்தப் பத்திரிகை தொடங்கினார். ஆனால் அவருக்குப் பின் வந்த ஏ.என்.சிவராமன் அதே முதலாளியிடம் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆசிரியராக இருந்தார். ஆளுக்கு ஆள் வேறுபடும் போலிருக்கிறது.

எது உண்மையான கோயங்கா என்று கேட்டீர்கள். வெறுமையாக விட்ட தலையங்கமும் திருத்திய கடிதமும் ஒரே வீட்டுச் சரக்குதான். அடுத்த முறை அப்பாவோடு அங்கே போகும்போது நரசிம்மனைப் பற்றியும் கேட்டுப் பாருங்கள். அந்த நாளில் எக்ஸ்பிரஸ் வாங்கியவர் என்றால் பெயர் நினைவிருக்கும்.