அக்காவைக் கேளுங்கள்: பத்துப் பேர் கூடும் கோயில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, நம் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் குடியேறியிருக்கும் இங்கிலாந்துக் கிராமங்களின் ஆங்கிலிக்கன் கோயில்களை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயங்களைப் பற்றியவை. அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. என் மகளும் மருமகனும் தாதியர். நார்ஃபோக்கில் வேலை கிடைத்துப் போனார்கள். நகரத்தில் வாடகை அதிகம் என்று ஒரு கிராமத்தில் வீடு எடுத்தார்கள். எதிரிலேயே பெரிய கல்கோயில். ஞாயிற்றுக்கிழமை போனால் பத்துப் பேர், எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஐயர் (குருவானவர்) ஒருவருக்கே ஏழு ஊராம். ஒரு ஞாயிறு கோயில் பூட்டியே கிடந்ததாம். "அம்மா, இங்கே சபை செத்துப்போச்சு" என்று ஃபோனில் அழுகிறாள். முக்கால் மணி நேரம் கார் ஓட்டினால் நகரத்தில் பெரிய சபை, பாட்டுக்குழு, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் இருக்கிறது. அங்கே போகச் சொல்லட்டுமா? — ஒரு தாய், ஈசூன்

பதில்: தங்கச்சி, இப்போதைக்கு வேண்டாம். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஒன்றும் ஒரு கிறிஸ்துமஸும் அந்த எதிர்க்கோயிலிலேயே இருந்து பார்க்கட்டும்.

முதலில் அந்தப் பூட்டு. ஒரு ஐயருக்கு ஏழு ஊர் என்றால் ஆராதனை சுழற்சி முறையில் நடக்கும். இந்த வாரம் இந்த ஊரில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணை, அடுத்த வாரம் பக்கத்து ஊரில். ஐந்தாவது ஞாயிறு வரும் மாதங்களில் எல்லா ஊர்களும் ஒரே கோயிலில் கூடுவது பல இடங்களில் வழக்கம். மகள் பூட்டிய கதவைப் பார்த்த அன்று அந்தப் பத்துப் பேரும் நாலைந்து கார்களில் வேறு கோயிலில் இருந்திருப்பார்கள். வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் மாத அட்டவணை ஒட்டியிருக்கும். அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோயில் ஏன் அவ்வளவு பெரிது, கூட்டம் ஏன் இவ்வளவு சிறிது என்று அவள் மருண்டிருப்பாள். நார்ஃபோக்கில் மட்டும் 600க்கும் மேற்பட்ட இடைக்காலக் கோயில்கள் நிற்கின்றன. ஆட்டு ரோமமும் கம்பளித் துணியும் விற்றுச் செழித்த காலத்தில் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கட்டியவை. பிறகு வயலுக்கு இயந்திரம் வந்தது, கூலிக்காரர்கள் நகரங்களுக்குப் போனார்கள். முந்நூறு பேர் உட்காரும் கோயிலைச் சுற்றி இன்று ஊரே அவ்வளவு இராது. விசுவாசம் தளர்ந்ததும் ஒரு காரணம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் காலி இருக்கைகளை மட்டும் எண்ணி ஒரு சபையின் உயிரைக் கணக்கிட முடியாது.

ஒரு ஐயருக்குப் பல ஊர் என்பது நமக்குப் புதிதா, தங்கச்சி? என் அப்பா திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஊர் ஒன்றில் உபதேசியார். எங்கள் சேகரத்தில் பல சபைகள், குருவானவர் ஒருவர். நற்கருணைக்கு மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார். மற்ற நாளெல்லாம் காலையும் மாலையும் மணி அடித்து, ஜெபப் புத்தகத்தை விரித்து ஆராதனை நடத்தியவர் அப்பா. பெருக்கி விளக்கேற்றியவர் கோயில்பிள்ளை. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் எடுத்து வைத்து, ஞாயிறன்று கொண்டுவந்து கொட்டியவர்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். ஐயர் வராத வாரங்களில் சபை செத்துவிட்டது என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை. ஆங்கிலிக்கன் பேராயரான முதல் இந்தியராக 1912இல் உயர்ந்த வி. எஸ். அசரியாவும் 1874இல் இப்படியொரு ஊரில், வெள்ளாளன்விளையில், கிராமத்துக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்தான்.

இங்கிலாந்துக் கிராமங்களில் இன்று நடப்பதும் அதேதான், ஆட்களின் பெயர் வேறு. ஒவ்வொரு சபைக்கும் ஆண்டுதோறும் இரண்டு வார்டன்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாவி, கணக்கு, பழுதான கூரை எல்லாம் அவர்கள் தலையில். அங்கி அணிந்து ஜெபம் நடத்தவும் பிரசங்கிக்கவும் அனுமதி பெற்ற ரீடர்கள் 1866 முதல் இருக்கிறார்கள். நம் உபதேசியார் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் பலர் நினைப்பதுபோல் அரசாங்கம் ஐயருக்குச் சம்பளமோ கோயிலுக்கு மாதாந்தரச் செலவோ தருவதில்லை. கூரையிலுள்ள ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போனால் சபைக் குழுதான் பணம் திரட்ட வேண்டும். மறைமாவட்டத்துக்கு ஆண்டுப் பங்கும் கட்ட வேண்டும். இத்தனையையும் அந்தப் பத்துப் பேர் சுமக்கிறார்கள்.

என் தங்கை சஃபோக்கில் இப்படியொரு ஊரில் வெகுகாலம் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் அவளோடு கோயிலுக்குப் போவேன். உள்ளே வெளியைவிடக் குளிர். மேலங்கியைக் கழற்றவே மாட்டார்கள். முழங்காலிடும் மெத்தை ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெண்கள் பின்னிய தையல் வேலை, ஒன்றில் கலப்பை, ஒன்றில் பார்லிக் கதிர், ஒன்றில் யாரோ வளர்த்த நாய்கூட. பாட்டெண் பலகைக்குக் கீழே வௌவால் எச்சம் விழாமலிருக்கத் துணி விரித்திருப்பார்கள். வௌவாலை விரட்ட அங்கே சட்டம் இடம் தராது. தேரிக்காட்டுக் கோயிலிலும் வௌவால் உண்டு என்று நான் சொன்னதும் பக்கத்திலிருந்த மூதாட்டி அவ்வளவு சந்தோஷப்பட்டார். ஆராதனை முடிந்து பின்பக்கம் மேசையில் தேநீர் ஊற்றும்போதுதான் அந்தச் சபை என்னவென்று தெரியும். யாருக்கு மருத்துவமனைச் சந்திப்பு, யார் கூட்டிப்போவது, யார் வீட்டுக் குழாய் உறைந்துவிட்டது, இரண்டு வாரமாக வராத கிழவரை யார் போய்ப் பார்த்தார்கள் என்று எல்லாம் அங்கேதான் முடிவாகும். நகரத்துப் பெரிய சபையில் நம் பிள்ளை இரண்டு வாரம் வராமல் போனால் கவனிக்க ஆள் இருக்குமோ என்னவோ. இங்கே மறுநாளே கதவைத் தட்டுவார்கள். அந்நிய தேசத்தில் இரவு வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

அதனால் மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதே, தேநீருக்கு நில். வார்டனிடம் போய், "வேதபாடம் வாசிக்கும் பட்டியலில் என் பெயரையும் சேருங்கள்" என்று கேள். கேட்டவுடன் அவர் முகம் மலர்வதைப் பார். பூ வைக்கும் பட்டியல், பித்தளை துலக்கும் பட்டியல், கோயில் திறந்து பூட்டும் பட்டியல் எல்லாம் உண்டு. உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்திய தபசுகாலமான லெந்து நாட்களில் மட்டும் பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள், அது தெரியாமல் வாங்கிவிட வேண்டாம். இங்கே நம் தமிழ்ச் சபையில் பாய் விரித்து, பந்தி பரிமாறி வளர்ந்த பிள்ளைக்கு இதெல்லாம் கைவந்த வேலை.

பேரப்பிள்ளைகள் வந்த பிறகு ஓய்வுநாள் பள்ளி இல்லையே என்ற கவலை நியாயமானது. ஊர்த் தொடக்கப்பள்ளியே திருச்சபைப் பள்ளியாக இருக்கக்கூடும். இங்கிலாந்தில் அப்படி 4,000க்கும் மேல் உண்டு. அந்தப் பிள்ளைகள் அறுப்பின் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வரிசையாகக் கோயிலுக்கு வருவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஏங்கினால் மாதத்தில் ஒருநாள் நகரத்துச் சபைக்குப் போய் வாய் நிறையப் பாடிவிட்டு வரட்டும். ஆனால் அவள் பெயர் எழுதியிருக்கும் வாரத்தில் போகக் கூடாது.

கேள்வி: படிக்கப் போகிறேன். தங்கப்போகும் கிராமத்துக் கோயிலில் நற்கருணை எடுக்கலாமா? நான் மெதடிஸ்ட் சபை. ஆராதனை முறையும் தெரியாது. — மாணவர், தெம்பனிஸ்

பதில்: எடுக்கலாம் தம்பி. ஞானஸ்நானம் பெற்று, சொந்தச் சபையில் நற்கருணை எடுப்பவர் என்றால் இங்கிலாந்துத் திருச்சபை உங்களைப் பந்திக்கு வரவேற்கும். பீடத்தின் கம்பியருகே முழங்காலிட்டுக் கையை ஏந்துங்கள். ஒரே பாத்திரத்தில் குடிக்கத் தயக்கம் என்றால் அப்பம் மட்டும் போதும், அது முழு நற்கருணைதான். எடுக்க விருப்பமில்லாதவர் கையை மார்பில் குறுக்காக வைத்தால் ஐயர் ஆசீர்வாதம் சொல்வார்.

காலை 8 மணி ஆராதனையைத் தவறவிடாதீர்கள். பெரும்பாலும் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகப்படி நடக்கும். பாட்டு இராது, ஆறேழு பேர் இருப்பார்கள், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய தமிழ் ஜெபப் புத்தகத்தோடு வளர்ந்த பாட்டி இருந்தால், அதை ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே எந்த இடத்தில் எதைச் சொல்கிறார்கள் என்று தடுமாற மாட்டீர்கள். மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும் வரும், எழுந்து நிற்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் முருக பக்தர்கள். மகன் லிங்கன்ஷியரில் ஒரு கிராமத்தில் இருக்கிறான். கோயில் கோடைச் சந்தையில் தேநீர்க் கடையில் நிற்கவும், கல்லறைத் தோட்டத்துப் புல் வெட்டவும் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிறாராம். போகலாமா? மதம் மாற்றிவிடுவார்களோ? — ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்

பதில்: ஐயா, தாராளமாகப் போகட்டும். அந்த ஊர்க் கோயில் ஞாயிறன்று வருகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. சபை எல்லைக்குள் குடியிருக்கும் அத்தனை பேரின் நலனும் அந்த ஐயரின் பொறுப்பு என்பது அங்கே மிகப் பழைய ஏற்பாடு. அந்த எல்லைக்குள் வாழ்ந்தவர் எவரையும், கோயில் வாசலை மிதிக்காதவராக இருந்தாலும், கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கும்வரை அடக்கம் செய்ய உரிமை உண்டு. வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுக் கூட்டத்தில், உள்ளூராட்சி வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் யாரும் வாக்களிக்கலாம். சிங்கப்பூர் காமன்வெல்த் நாடு என்பதால், சட்டப்படி அங்கே குடியிருக்கும் உங்கள் மகனும் அந்தப் பட்டியலில் பதிய முடியும். அவரைக் கூப்பிடுவது ஊர்க்காரராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம்.

தைப்பூசத்தன்று டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குச் சீனர்களும் காவடி எடுத்து வருகிறார்கள். நாம் இடம் விட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோம். அந்த மனசு அவர்களுக்கும் இருக்கும் என்று நம்புங்கள். நற்கருணையில் மட்டும் பங்குகொள்ள வேண்டாம், யாரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் குளிப்பது உங்கள் வீட்டு வழக்கம் என்றால் குளிக்கட்டும். காட்டுப்பூக்களுக்காக ஒரு மூலையை ஜூலை வரை வெட்டாமல் விடுவது பல ஊர்களில் வழக்கம். எதை வெட்டலாம் என்று கேட்டுவிட்டு வெட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வயலே இல்லாத சிங்கப்பூரில் நம் சபைகளுக்கு அறுப்பின் பண்டிகை எதற்கு? — இல்லத்தரசி, உட்லண்ட்ஸ்

பதில்: இந்தக் கேள்வியில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் கேட்டது நல்லது. இன்றிருக்கும் வடிவில் இந்தப் பண்டிகையை 1843இல் தொடங்கி வைத்தவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். கார்ன்வாலில் கடலோரக் கிராமமான மார்வென்ஸ்டோவின் ஐயர். விளைந்ததைக் கோயிலில் வைத்து நன்றி சொல்லுங்கள் என்று ஊரைக் கூப்பிட்டார். மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஜனவரியில் கலப்பையைக் கோயிலுக்குள் கொண்டுவந்து ஆசீர்வதிக்கும் ஞாயிறும் அங்கே உண்டு. திருநெல்வேலியில் நாங்கள் வாழைத்தார், பனங்கிழங்கு, கருப்பட்டி, கோழி என்று கொண்டுபோவோம். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முருங்கைக்காய்க் கட்டை மூன்று பேர் மாறி மாறி ஏற்றிக் கேட்பார்கள், பணம் சபைக்கு.

இங்கே வயல் இல்லை என்பதால்தான் நன்றி கூடுதலாகச் சொல்ல வேண்டும். நாம் சாப்பிடுவதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது. யாரோ விதைத்து, யாரோ அறுத்து, யாரோ கப்பலேற்றியது. எங்கள் சபையில் அரிசிப் பை, எண்ணெய், பருப்பு, பால்மாவு என்று பீடத்தைச் சுற்றி அடுக்குவோம். பிறகு தேவைப்படும் குடும்பங்களுக்குப் போகும். இங்கிலாந்துக் கிராமங்களிலும் இப்போது பூசணிக்காய்க்குப் பக்கத்தில் டின் உணவுகள் இருக்கும், அவையும் உணவு வங்கிக்குப் போகின்றன. அடுத்த முறை நீங்கள் ஓர் அரிசிப் பை கொண்டுவாருங்கள் அம்மா.

கேள்வி: மகள் இருக்கும் ஊரில் வாரத்தில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணி நேரம் கோயில் மணி அடிக்கிறார்களாம். பாட்டும் இல்லை, ராகமும் இல்லை. என்ன அது? — அங் மோ கியோ வாசகர்

பதில்: மணிப் பயிற்சி. ஒருவருக்கு ஒரு கயிறு, ஒரு மணி. மணி முழு வட்டமாகச் சுழன்று ஒலிக்கும். ஆறு மணி இருந்தால் ஆறும் ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாறி வர வேண்டும். ராகம் தேடாமல் அந்த வரிசை மாற்றத்தைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 5,000க்கும் மேற்பட்ட கோபுரங்களில் இப்படி அடிக்கிறார்கள். நம் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்துக்கும் 1889இல் லஃப்பரோ ஊரின் டெய்லர் வார்ப்படச் சாலையிலிருந்து எட்டு மணிகள் வந்தன. 2019இல் அந்த மணிகளைப் புதுப்பித்து, இங்கேயும் இதே முறையில் சுழற்றி அடிக்க வழி செய்தார்கள். ஊர் மணிக்குழுக்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. பாட வராது, ஜெபம் சொல்லக் கூச்சம் என்பவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. மகள் ஒருநாள் மேலே ஏறிப் பார்க்கட்டும். படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும், தட்டையான செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள்.