முதல் பாகத்தை விட்டுவிட வேண்டாம்

கொல்ல வேண்டியவர்களில் நான்கு பேரை முடித்ததுமே அசாசின்ஸ் கிரீட் வீடியோ கேமின் முதல் பாகம் சலித்துவிட்டது, நேராக இரண்டாவதுக்குத் தாவினால் கதை புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். புரியும், ஆனால் பாதிதான். நிகழ்கால நாயகனான டெஸ்மண்டின் கதை முதல் பாகம் முடிந்த இடத்திலிருந்தே இரண்டாவதில் தொடர்கிறது.

சலிப்புக்குக் காரணம், ஒவ்வொரு ஊரிலும் எல்லா விசாரணைகளையும் நீங்கள் முடிப்பதுதான். இரண்டு மூன்று போதும், கொலைக்கு அனுமதி கிடைத்துவிடும். ஊரெங்கும் சேகரிக்க வைத்திருக்கும் கொடிகளை மறந்துவிடுங்கள், அவற்றால் கதையில் எதுவும் மாறாது. (நான் ஏக்கர் நகரில் ஒரு விடுமுறையையே கொடி பொறுக்கித் தொலைத்தவன்.) இன்னும் ஐந்து பேர்தான் பாக்கி. கடைசி ஆளான ராபர்ட் த சாப்ளே வரலாற்றில் நிஜமாகவே டெம்ப்ளர்கள் என்ற சிலுவைப்போர் வீரர் அமைப்பின் தலைவராக இருந்தவர். அவருக்குப் பிறகும் ஒரு திருப்பம் இருக்கிறது, சொல்லமாட்டேன்.

அப்புறம் இரண்டாம் பாகம். 1478இல் புளோரன்ஸ் பேராலயத்தில் பாட்ஸி குடும்பத்தாரின் சதிக் கூட்டம் அந்நகரை ஆண்ட லொரென்சோ மெடிச்சியைக் கொல்லப் பாய்ந்தது உண்மைச் சம்பவம். அந்தக் களேபரத்துக்கு நடுவே இந்தப் பாகத்தின் நாயகன் எட்சியோவாக நீங்களே நிற்பீர்கள். ஆயுதம் செய்து தருவது யார் தெரியுமா? லியொனார்டோ டாவின்சி! இதில் கொடிக்குப் பதில் இறகு. அதைச் சேர்ப்பதற்கு மனதைப் பிசையும் ஒரு காரணமும் உண்டு.