எருமைக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: நமீபியாவில் உரிமத்தோடு காட்டெருமை வேட்டைக்குப் போகிறேன். கையில் 9.3×62 ரைஃபிள் இருக்கிறது. அது போதுமா, அதைவிடப் பெரிய 458 (0.458 அங்குலக் குண்டு) வாங்கிவிடலாமா?
– வாசகர், டர்பன்

போதாது. ஆனால் 458 வரைக்கும் போகவும் வேண்டாம். நமீபியச் சட்டப்படி எருமைக்குக் குழல்வாயில் குறைந்தது 5,400 ஜூல் ஆற்றல் வேண்டும். 9.3×62-இன் வழக்கமான 286 கிரெய்ன் (சுமார் 18.5 கிராம்) குண்டு விநாடிக்கு 720 மீட்டரில் கிளம்பி ஏறக்குறைய 4,800 ஜூல்தான் தரும். 1905-இல் வந்த அந்தத் தோட்டா எருமையைச் சாய்க்காது என்றில்லை, சட்டக் கணக்கில் தேறாது, அவ்வளவுதான்.

375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் எடுங்கள். 1912-இல் வந்தது. 300 கிரெய்ன் குண்டு, 770 மீட்டர் வேகம், சுமார் 5,780 ஜூல். 458 வின்செஸ்டரின் பின்னுதை இதைப்போல ஒன்றரை மடங்கு. அந்த உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால் குண்டு தோளெலும்புக்குப் பதில் வயிற்றில் போகும். வயிற்றில் பட்ட எருமை புதருக்குள் போய்ப் பதுங்கும். அதைத் தேடிப் போவதுதான் ஆபத்து.

375-இலும் ஒரு தொல்லை உண்டு. தோட்டாவின் மொத்த நீளம் 91 மில்லிமீட்டர். பதற்றத்தில் போல்ட்டை (தோட்டாவை ஏற்றி இறக்கும் தாழை) முழுக்கப் பின்னுக்கு இழுக்காமல் தள்ளினால் வெற்றுக்கூடு வெளியே விழாமல் மாட்டிக்கொள்ளும். போலித் தோட்டாக்களைப் போட்டு, துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்காமலே போல்ட்டை இயக்கிப் பழகுங்கள். தொலைநோக்கி கண்ணிலிருந்து 9 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். இல்லாவிட்டால் புருவம் கிழியும். நான்கு மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கண்ணாடி இந்த வேலைக்கு வீண்.

கேள்வி: சாஃப்ட் குண்டா, சாலிட் குண்டா?

முதல் சூட்டுக்கு, ஈயமும் செம்பு உறையும் பிரியாமல் ஒட்டவைத்த, பட்டதும் விரியும் சாஃப்ட். சாலிட் விரியாது, எருமையின் விலாவைத் துளைத்து வெளியேறி, பின்னால் நிற்கும் இன்னொன்றையும் காயப்படுத்தும். மந்தையில் இது சாதாரணமாக நடப்பது. காயம்பட்டு ஓடும் விலங்கின் பின்புறத்திலிருந்து நெஞ்சுவரை துளைக்க வேண்டுமானால் சாலிட்தான். யானையின் மண்டையோட்டுக்கும் அதுவே. இரண்டு வகையையும் 50 மீட்டரில் சுட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் விழாவிட்டால் வேறு தயாரிப்புக்கு மாறுங்கள். காட்டில் நின்று கணக்குப் போட முடியாது.

கேள்வி: பழைய ஷிகார் (வேட்டை) இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் 465, 470 என்று விசித்திரமான எண்கள் ஏன்?
– வாசகர், உதகமண்டலம்

பிரிட்டிஷ் அரசின் தடை காரணம். 450 தோட்டாவின் குண்டுகள் மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு உதவும், கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி இந்தியாவிலும் சூடானிலும் அந்த அளவைத் தடுத்தார்கள். லண்டன் துப்பாக்கிப் பட்டறைகள் தடைக்குள் வராத அளவுகளுக்கு நகர்ந்தன. 1907-இல் ஹாலண்ட் கொண்டுவந்த 500/465 அப்படிப் பிறந்ததே. 470-உம் அந்த இடைவெளியில்தான் பரவியது.