புன்னைக்கு உரம் வேண்டாம், வெயில் வேண்டும்

கேள்வி: ராஜாக்கமங்கலம் பக்கம் எங்கள் தென்னை விளையின் கடலோர வரப்பில் தாத்தா காலத்துப் புன்னை மரங்கள் நிற்கின்றன. புன்னை எண்ணெயை முகப்பூச்சு, வாசனை சோப்பு செய்கிறவர்கள் நல்ல விலைக்கு வாங்குவதாகக் கேள்விப்பட்டுக் காய்களைப் பறித்து உடைத்து ஆறு நாள் காயவைத்தேன். மழை வந்ததும் கொப்பரை போடும் புகைக்கொட்டகைக்கு மாற்றினேன். செக்கில் எண்ணெய் மிகக் குறைவாகவே வந்தது. நிறமும் மணமும் சரியில்லை என்று வியாபாரி திரும்பிப் போய்விட்டார். நுண்ணூட்டக் கலவை போட்டால் எண்ணெய் கூடும் என்கிறார் உரக்கடைக்காரர். போடலாமா? தென்னையைக் கழித்து ஒட்டுப் புன்னை வைக்கலாமா?

பதில்: அண்ணாச்சி, கலவை வேண்டாம். மணலிலும் உப்புக்காற்றிலும் யாரும் ஒரு கைப்பிடி உரம் வைக்காமல் இத்தனை காலம் காய்த்த மரம் அது. எத்தனை நாள் காயவைக்க வேண்டும் என்பதைத்தான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கொப்பரைப் பழக்கத்தில் புன்னையைக் காயவைத்திருக்கிறீர்கள். தேங்காயில் எண்ணெய் முன்பே இருக்கிறது, ஈரம் போனால் போதும். புன்னைப் பருப்பு அப்படியல்ல. உடைத்தவுடன் வெளிறி, மணமே இல்லாமல் இருக்கும். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று மெதுவாகக் காயும்போதுதான் செம்பழுப்பாகி, கையில் பிசுபிசுத்து, கனத்த மணம் ஏறும். அந்தப் பக்குவத்தில் பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கும். எண்ணெய்க்கு அடர்த்தியும் மணமும் கொடுப்பது அதில் கரைந்துள்ள பிசின். வெளிநாட்டில் டமானு என்ற பெயரில் தோலுக்குப் பூச வாங்குகிறவர்கள் தேடுவதும் அந்தக் கரும்பச்சை எண்ணெயைத்தான். பூவின் வாசனை எண்ணெயில் வராது, அதை எதிர்பார்க்காதீர்கள்.

காயைப் பறிக்கவும் வேண்டாம். முற்றித் தானாக விழுந்ததை, வவ்வால் சதையைத் தின்று போட்ட கொட்டையைப் பொறுக்குங்கள். நம் குமரி மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் தார்ப்பாயை நம்பாமல், கண்ணாடித்தாள் கூரை போட்டு, காற்று போகிற மாதிரி பரண் கட்டி, பருப்பை ஒற்றை அடுக்காகப் பரப்பி அடிக்கடி புரட்டிவிடுங்கள். பூஞ்சை கண்டதைத் தயங்காமல் எறியுங்கள். புகைக்கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. வள்ளத்துக்குப் பூசும் எண்ணெய்க்குப் புகைநாற்றம் ஒரு பொருட்டல்ல. முகத்தில் பூசுவதற்கு அந்த ஒரு குறையே போதும், வாங்க மாட்டார்கள்.

எண்ணெயைத் தெளியவிட்டு, துணியில் வடித்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து, பச்சைச் சாயம் சேர்த்தால் போகும் என்று எந்தத் தரகராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது கலப்படம். ஒருமுறை பிடிபட்டால் உங்கள் ஊர் எண்ணெயையே யாரும் தொடமாட்டார்கள்.

ஒட்டு நாற்று விதைக்கன்றைவிடச் சீக்கிரம் காய்க்கும், உண்மைதான். ஆனால் ‘நாற்றும் நாங்களே தருவோம், கொட்டையும் நாங்களே எடுப்போம்’ என்பவர்களுக்கு லாபம் நாற்று விற்ற அன்றே வந்துவிடுகிறது. காய்க்கிற தென்னையை அதற்காக வெட்டாதீர்கள். இருக்கிற மரத்தடியில் பொறுக்கியதை அடுத்த பருவத்தில் ஒரு சாக்கு மட்டும் சரியாகக் காயவைத்து ஆட்டி, இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். தரம் நிலைத்த பிறகு வரப்பில் இடம் இருந்தால் கன்று வையுங்கள்.

புன்னைப் பிண்ணாக்கை மாட்டுத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், தென்னை மூட்டில் எருவாகப் போடுங்கள்.