நிற்கப் பழக வாக்கர் உதவுமா?

கேள்வி: என் மகளுக்கு 15 மாதம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை. தானாக உட்காருகிறாள், பிடித்துக்கொண்டுகூட நிற்பதில்லை. வாக்கரில் வைத்தால் சீக்கிரம் நடப்பாள் என்கிறார்கள். வாங்கலாமா? ஒரு நாள் பயிற்சி விட்டுப்போனாலும், என்னால்தான் பின்தங்குகிறாளோ என்று இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: வாக்கர் வேண்டவே வேண்டாம். அதில் உடம்பைத் துணி தாங்கிக்கொள்ளும். குழந்தை விரல் நுனியால் தரையை உந்தி நகரும். உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளுக்குத் தசைகள் தளர்வு, மூட்டுகளும் நெகிழ்வு. தன் எடையைத் தன் பாதத்தில் தாங்குவதுதான் அவள் கற்க வேண்டிய பாடம். வாக்கர் அதையே பிடுங்கிக்கொள்கிறது. படியில் உருண்டு தலையில் அடிபடும் அபாயம் வேறு. கனடா 2004-இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி வேறு வகை. அவள் நன்றாக நிற்கத் தொடங்கிய பிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

15 மாதத்தில் நிற்காததற்காகப் பயப்படாதீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் இரண்டு வயதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். சிலருக்கு நான்கு வயதுகூட ஆகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடும் அட்டவணை இவளுக்குப் பொருந்தாது.

வீட்டில் இதைச் செய்து பாருங்கள். முழங்கால் செங்கோணத்தில் மடங்கி, இரு பாதங்களும் முழுதாகத் தரையில் பதியும் உயரத்தில் ஒரு சிறிய முக்காலி. அதில் அவளை உட்காரவைத்து, எதிரே நாற்காலி மேல் பிடித்த பொம்மையை வையுங்கள். எட்டி எடுக்க முன்னால் சாய்வாள். அப்போது எடை பாதத்துக்கு இறங்கும், பின்புறம் லேசாக எழும்பும். கையைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். இடுப்பின் இரு பக்கமும் மட்டும் தாங்கிக்கொள்ளுங்கள். எழுந்து இரண்டு நொடி நின்றாலே போதும். கால்கள் அகன்று போனால் மெல்லச் சேர்த்துவிடுங்கள். உங்கள் இயன்முறை மருத்துவரிடம் ஒருமுறை செய்து காட்டித் திருத்திக்கொள்வது நல்லது.

இதற்கென்று தனி நேரம் ஒதுக்கி வருந்த வேண்டாம். உடை மாற்றும்போது, விளையாடும்போது இரண்டு மூன்று முறை செய்தால் அதுவே பயிற்சி. காய்ச்சலில் நான்கு நாள் விட்டுப்போனால் அவள் கற்றது அழிந்துவிடாது. உங்களால் அவள் பின்தங்கவில்லை, அம்மா. செல்களில் 21-ஆம் குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதால் தசை தளர்ந்திருக்கிறது. அது யாருடைய தவறும் அல்ல. வாரத்தில் ஓர் இரவாவது குழந்தையை வேறொருவரிடம் விட்டுவிட்டுத் தூங்குங்கள். இதையும் சிகிச்சையாகவே சொல்கிறேன்.

நீங்கள் எழுதாத சில விஷயங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. இக்குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தாயிற்றா? காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குறுகலாக இருப்பதால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை தேவை. கண்ணையும் காட்டுங்கள். கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கக்கூடும் என்பதால் தலைகீழாகப் பிடித்து விளையாட்டுக் காட்டக் கூடாது. தலை ஒரு பக்கம் சாய்ந்தாலோ, கைகால் திடீரெனப் பலவீனமானாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தைராய்டு குறைந்தாலும் குழந்தை சோர்ந்து, வளர்ச்சி மந்தமாகும். மாத்திரையில் சரிசெய்யக்கூடியது இது. பிறந்தபோதும், 6 மாதத்திலும், 12 மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். 12 மாதச் சோதனை நடந்ததா என்று இன்றே மருத்துவ ஆவணங்களை எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே இரத்தம் கொடுத்துவிடுங்கள்.